ஆலமரத்தடியில் சான்று கேட்கிறார்கள்

தமிழ் விக்கிப்பீடியாவில் பயனர்கள் ஒன்றுகூடிப் பேசும் பக்கத்துக்கு 'ஆலமரத்தடி' என்று பெயர். ஆங்கில விக்கிப்பீடியாவில் அதே இடத்துக்கு 'ஊர்க் குழாயடி' என்று பொருள்படும் பெயர். வைத்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் வைத்திருப்பார்கள். ஊர் கூடும் இடம், எல்லோருக்கும் பொதுவான இடம் என்ற எண்ணம்தான் காரணம். ஆனால் இந்த நாட்டில் ஆலமரத்தடியும் குழாயடியும் என்றைக்கு எல்லோருக்கும் பொதுவாக இருந்தன? ஆலமரத்தடித் திண்ணையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தவர்கள் ஒரு சாரார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளி நின்று, போட்ட அபராதத்துக்குத் தலையாட்டியவர்கள் இன்னொரு சாரார். பொதுக்குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிக்க 1927இல் மகத் நகரில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அந்தக் குளம் நகராட்சியின் தீர்மானப்படி அதற்கு முன்பே 'எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட' குளம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆகவே 'எவரும் தொகுக்கலாம்' என்ற பலகையைப் பார்த்ததும் நமக்குப் புல்லரித்துவிடுவதில்லை. உள்ளே போய் வாய் திறந்தால் என்ன நடக்கிறது என்று பார்த்த பிறகே நாம் எதையும் பொது என்று ஒப்புக்கொள்வோம்.

கடலைத் தாண்டிய கூட்டுறவு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர்களின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதன் அடித்தளத்தைப் போட்டவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ.மயூரநாதன். ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் தொடங்கியவர். கனடா தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்கு இயல் விருது வழங்கியது. அவரோடு தமிழ்நாட்டிலிருந்தும் ஈழத்திலிருந்தும் கனடாவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் பலர் சேர்ந்தார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. 2017இல் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. எந்த அரசும் எந்தப் பல்கலைக்கழகமும் செய்யாத வேலை இது.

இந்தக் கூட்டுறவு எளிதாக நடந்துவிடவில்லை. யாழ்ப்பாணத்தில் 'கதிரை', மதுரையில் 'நாற்காலி'. அங்கே 'துவிச்சக்கர வண்டி', இங்கே 'சைக்கிள்' அல்லது 'மிதிவண்டி'. அங்கே 'பாராளுமன்றம்', இங்கே 'நாடாளுமன்றம்'. அவர்கள் 'ரொறன்ரோ' என்று எழுதினால் நாம் 'டொராண்டோ' என்கிறோம். கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்று பக்கம் பக்கமாகச் சண்டை நடந்தது. ஆனாலும் யாரும் கோபித்துக்கொண்டு தனி வீடு கட்டப் போகவில்லை. ஒரு சொல்லில் தேடினால் மற்றச் சொல்லில் உள்ள பக்கத்துக்குப் போக வழி செய்தார்கள். இரண்டு நாட்டு வழக்கும் நிற்கலாம் என்ற புரிதலுக்கு வந்தார்கள். நாடு வேறு, எழுத்துக்கூட்டல் வேறு, பள்ளியில் படித்த கலைச்சொல் வேறு. இத்தனை வேறுபாட்டுக்கும் இடம் கொடுக்கத் தெரிந்தவர்கள் இவர்கள்.

நம் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. கடலுக்கு அந்தப் பக்கம் உள்ளவரின் சொல்லுக்கு இடம் ஒதுக்கத் தெரிந்த சமூகத்துக்கு, ஊருக்கு அந்தப் பக்கம் உள்ளவரின் அறிவுக்கு இடம் ஒதுக்கத் தெரிகிறதா?

கூகுளிடம் கேட்ட கேள்வி

2009 வாக்கில் கூகுள் நிறுவனம் ஒரு வேலையைச் செய்தது. கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி, ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைத் தன் மொழிபெயர்ப்புக் கருவியின் துணையோடு தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் ஏற்றியது. கட்டுரைகள் நீளமாக இருந்தன. ஆனால் வாசிக்க முடியவில்லை. சொற்கள் தமிழாக இருந்தாலும் வாக்கியங்கள் தமிழாக இல்லை. அதைவிட முக்கியமான சிக்கல், தலைப்புகள். அமெரிக்கப் பாடகர்களும் ஆலிவுட் படங்களும் வரிசையாக வந்து இறங்கினார்கள். தமிழ் வாசகருக்கு எது தேவை என்று யாரும் தமிழ் வாசகரைக் கேட்கவில்லை.

வங்காள விக்கிச் சமூகம் அந்த உள்ளடக்கத்தை ஏற்க மறுத்தது. தமிழ் விக்கிச் சமூகம் கதவைச் சாத்தாமல் கூகுளோடு பேசியது. 2010இல் போலந்து நாட்டின் கிடான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில், தமிழ் விக்கிப்பீடியர் ரவிசங்கர் அந்தத் திட்டத்தைப் பற்றிய விமர்சன ஆய்வை உலகத்தின் முன் வைத்தார். எங்கள் மொழியில் என்ன எழுதப்பட வேண்டும் என்பதை எங்களோடு பேசாமல் தீர்மானிக்கக் கூடாது, எண்ணிக்கைக்காகக் குவிக்கப்படும் கட்டுரை அறிவாகிவிடாது என்பதே அந்த விமர்சனத்தின் சாரம். சரியான நிலைப்பாடு. தன்மானமுள்ள நிலைப்பாடு. பிறகு 2018இல் கூகுளும் விக்கிமீடியா அறக்கட்டளையும் சேர்ந்து 'வேங்கைத் திட்டம்' என்ற கட்டுரைப் போட்டியை இந்திய மொழிகளில் நடத்தியபோது, மடிக்கணினி கொடுத்தார்கள், இணைய வசதிக்கு உதவினார்கள், தலைப்புப் பட்டியல் கொடுத்தார்கள். முதல் சுற்றில் பஞ்சாபி வென்றது. அடுத்த சுற்றில் தமிழ் வென்றது. கொண்டாடினோம்.

கூகுளிடம் கேட்ட அந்தக் கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டு ஒரு படி கீழே இறங்குங்கள். தமிழில் என்ன எழுதப்பட வேண்டும் என்பதை அமெரிக்க நிறுவனம் தீர்மானிக்கக் கூடாது என்றால், தமிழருக்குள் எது அறிவு, எது சான்று, யார் குறிப்பிடத்தக்கவர் என்பதை யார் தீர்மானிப்பது? கூகுளின் பட்டியல் மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்பதை வைத்துப் போடப்பட்டது. கையில் போனும் அதில் டேட்டாவும் உள்ளவர்கள் தேடியதுதானே அந்தக் கணக்கில் வரும்? தேடாதவர்களின் வாழ்க்கை எந்தப் பட்டியலில் வரும்?

பேகம்பூரின் குழிகள்

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். திண்டுக்கல் பேகம்பூர். ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிஸா பேகம் அடக்கமாகியிருக்கும் பள்ளிவாசல் உள்ள இடம். அவர் பெயரால்தான் பேகம்பூர். திண்டுக்கல்லைப் பற்றி எழுதும் எவரும் மலைக்கோட்டையை எழுதுவார்கள், பூட்டை எழுதுவார்கள், இப்போது பிரியாணியை எழுதுவார்கள். ஹைதர் இங்கே பவுஜ்தாராக வந்ததையும், 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைக்குப் பிறகு வெள்ளைக்காரன் கைக்கு இந்தச் சீமை போனதையும் எழுதுவார்கள். இவற்றுக்கெல்லாம் சான்று இருக்கிறது. அரசாங்கக் கெசட்டியர் இருக்கிறது.

தோல் ஷாப்புக்கு என்ன சான்று இருக்கிறது? திண்டுக்கல்லின் தோல் தொழில் பல தலைமுறை பழையது. முதலாளிகளில் பலர் இஸ்லாமிய வணிகர்கள். குழியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், அவர்களில் தலித் கிறித்தவர்களும் உண்டு. பச்சைத் தோலை உப்பிலிருந்து எடுத்து அலசுவது, சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டு மயிர் கழற்றுவது, சவ்வைச் சீவுவது, சுண்ணாம்பை வெளியேற்றுவது, ஆவாரம் பட்டைச் சாற்றில் கிடத்துவது, கடுக்காய் ஏற்றுவது என்று ஒவ்வொரு கட்டத்திலும் கையும் மூக்கும் கண்ணும் செய்யும் கணிப்பு இருக்கிறது. தோல் எப்போது 'வெந்தது', எப்போது எடுக்காவிட்டால் கெட்டுப்போகும் என்பதைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும் வேதியியல் அது. அந்தக் கைகளைச் சுண்ணாம்பு அரித்த கதையும் அதோடு சேர்ந்தது.

இந்த அறிவு எங்கே பதிவாகியிருக்கிறது? ஏற்றுமதிக் கணக்கில் தோல் என்பது அந்நியச் செலாவணி. நீதிமன்றத்தில் தோல் என்பது மாசு. வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில், அன்றைய வடஆற்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திருச்சி, செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டங்களோடு திண்டுக்கல் அண்ணா மாவட்டத்துத் தோல் தொழிற்சாலைகளும் ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் கட்ட வேண்டும் என்று உத்தரவானது. இவையெல்லாம் அசைக்க முடியாத 'நம்பகமான மூலங்கள்'. இவற்றை வைத்துக் கட்டுரை எழுதினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அந்தக் கட்டுரையில் முதலாளி இருப்பார், அரசு இருக்கும், நீதிபதி இருப்பார், கழிவுநீர் இருக்கும். குழிக்குள் நின்றவர் இருக்க மாட்டார்.

அவரை எழுத்துக்குள் கொண்டுவந்தவர் திண்டுக்கல்லில் வழக்கறிஞராக இருந்த எழுத்தாளர் டி.செல்வராஜ். இங்குள்ள தோல் தொழிலாளர்களின் வாழ்வையும் அவர்கள் செங்கொடியின் கீழ் சங்கமானதையும் வைத்து அவர் எழுதிய 'தோல்' நாவல் 2012ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி விருதைப் பெற்றது. ஏ.பாலசுப்ரமணியம் போன்ற தலைவர்கள் இங்கே தொழிலாளர்களைத் திரட்டிய வரலாறு அந்த நாவலுக்குப் பின்னால் நிற்கிறது. சரி, அதையே சான்றாகக் காட்டலாமா என்றால், கலைக்களஞ்சியத்தின் விதிப்படி நாவல் புனைவு. புனைவு உண்மைக்குச் சான்று ஆகாது. விதி தவறில்லைதான். ஆனால் விளைவைப் பாருங்கள். முதலாளியின் வரலாற்றுக்கு ஆவணம் இருக்கிறது, தொழிலாளியின் வரலாற்றுக்கு நாவல் மட்டும்தான் இருக்கிறது. ஆவணம் செல்லும், நாவல் செல்லாது. குழியில் நின்ற கிழவர் இன்னும் உயிரோடு இருந்து, வந்து சொன்னால்? 'சான்று தேவை' என்று அடைப்புக்குறிக்குள் ஒரு முத்திரை விழும்.

சான்று ஏன் இல்லை?

'விதி எல்லோருக்கும் ஒன்றுதானே, சாதி பார்த்தா சான்று கேட்கிறோம்?' என்று நண்பர்கள் சொல்வார்கள். பார்ப்பதில்லை என்றே வைத்துக்கொள்வோம். புனைபெயரில் எழுதும் இடத்தில் யார் என்ன சாதி என்று யாருக்கும் தெரியாது என்பதும் உண்மைதான். ஆனால் சான்று என்பது வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ அச்சிட வேண்டும், யாரோ வாங்க வேண்டும், யாரோ நூலகத்தில் அடுக்கிப் பாதுகாக்க வேண்டும். இந்த மூன்றிலும் சாதி இருந்தது.

தலித்துகள் எழுதவில்லை என்பது பொய். 1869இலேயே 'சூரியோதயம்' வந்தது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்றே பெயரிட்டு இதழ் தொடங்கி ஏழாண்டுகள் நடத்தினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி 1914இல் இறக்கும்வரை வாரந்தோறும் எழுதினார். இந்த இதழ்களில் பலவற்றின் ஒரு பிரதிகூட இன்று கைக்குக் கிடைப்பதில்லை. ஜெ.பாலசுப்பிரமணியம் 'சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை' என்ற நூலில் 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களின் வரலாற்றை எழுத, பிற ஆவணங்களில் சிதறிக் கிடந்த குறிப்புகளைத் தேடிப் பொறுக்க வேண்டியிருந்தது. அயோத்திதாசரின் எழுத்துகளை ஞான.அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் வெளியிட்டது. பண்டிதர் இறந்து 85 ஆண்டுகள் கழித்து! அந்த 85 ஆண்டுகளில் ஒரு கலைக்களஞ்சியம் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருந்தால், 'போதிய மூலங்கள் இல்லை, குறிப்பிடத்தக்கவரா என்பது ஐயம்' என்றுதான் விதிப்படி முடிவு செய்திருக்கும். விதி நேர்மையாகவே நடந்திருக்கும். அநீதியும் முழுமையாகவே நடந்திருக்கும்.

யாழ்ப்பாண நூலகத்தை 1981இல் எரித்தார்கள். 97,000 நூல்கள் சாம்பலாயின என்று உலகத் தமிழர்கள் இன்றும் கண்ணீர் விடுகிறோம், விட வேண்டும். தலித் இதழ்களை யாரும் எரிக்கவில்லை. எடுத்து வைக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். தீ வைத்தால் அது குற்றம் என்று தெரிகிறது. எடுத்து வைக்காமல் விட்டால் அது குற்றம் என்றே யாருக்கும் தெரிவதில்லை.

ஈழத்திலும் இதே கதைதான். தமிழ்நாடும் ஈழமும் சேர்ந்து ஒரு கலைக்களஞ்சியம் கட்டுகின்றன என்று சொல்லும்போது, எந்தத் தமிழ்நாடும் எந்த ஈழமும் என்று கேட்க வேண்டாமா? 1966 அக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் புறப்பட்டுப் போலீசிடம் அடிவாங்கியவர்களும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நின்றவர்களும், கே.டானியல் 'பஞ்சமர்' என்று நாவலுக்குப் பெயர் வைத்து எழுதிய மனிதர்களும் அந்த ஈழத்தில் இருக்கிறார்கள். மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் இருக்கிறார்கள். இரு நாட்டுச் சாதி இந்துக்களும் எழுத்துக்கூட்டலில் சமரசம் செய்துகொண்டால் அதற்குப் பெயர் பண்பாடுகளைக் கடந்த கூட்டுறவு என்றால், பேகம்பூர்த் தோல் தொழிலாளியும் யாழ்ப்பாணத்துப் பஞ்சமரும் ஹட்டன் தோட்டத் தொழிலாளியும் ஒரே பக்கத்தில் சந்திப்பதற்குப் பெயர் என்ன?

சொல்லும் விகுதியும்

தமிழில் நடுநிலையாக எழுதுவது ஆங்கிலத்தைவிடக் கடினம். ஒவ்வொரு வினைமுற்றிலும் நாம் மரியாதையை அளந்து கொடுக்கிறோம். 'பிறந்தார்' என்றால் ஒரு அளவு, 'பிறந்தான்' என்றால் ஒரு அளவு. பழைய நூல்களைத் திறந்து பாருங்கள். சில சாதிப் பெயர்கள் 'ர்' விகுதியில் முடியும். சில சாதிப் பெயர்கள் 'ன்' விகுதியில் முடியும். அந்த நூலைச் 'சான்று' என்று எடுத்து எழுதுகிறவர் விகுதியையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு வருகிறார். அவர் சாதி வெறியர் இல்லை. மூலத்துக்கு உண்மையாக இருக்கிறார். மூலம் சாதிக்கு உண்மையாக இருந்தது.

பெயருக்கும் இதே நிலைதான். கிரந்தத்தை ஒதுக்க வேண்டும் என்ற தனித்தமிழ் உணர்வின் பின்னால் பார்ப்பனிய எதிர்ப்பு இருந்தது என்பதை நாம் அறிவோம், மதிக்கிறோம். ஆனால் அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு வந்து, ஹைதர் அலியை 'ஐதர் அலி' என்றும், பேகம்பூர்ப் பையன் பள்ளிச் சான்றிதழில் எழுதும் ஷாஜகானைச் 'சாசகான்' என்றும் திருத்துவது யாரை எதிர்ப்பது? ஒரு மனிதனின் பெயரை எப்படி எழுதுவது என்று முதலில் கேட்க வேண்டியது அந்த மனிதனிடம். ரொறன்ரோவுக்குக் கிடைத்த சலுகை ஷாஜகானுக்கும் கிடைக்கட்டும்.

சாதிச் சங்கங்கள் உள்ளே வராதா?

நம் தரப்பை நோக்கி வரும் எதிர்வாதங்களில் வலுவானது இது. 'வாய்மொழியைச் சான்றாக ஏற்றால் முதலில் நுழைவது சாதிச் சங்கங்கள்தான். எங்கள் பாட்டன் சேரன், எங்கள் முப்பாட்டன் சோழன் என்று ஆளாளுக்குப் பட்டயம் நீட்டுவார்கள். அச்சிட்ட மூலம் வேண்டும் என்ற ஒற்றை விதிதான் அவர்களைத் தடுத்து நிறுத்துகிறது.'

இதில் பாதி உண்மை. சாதிப் பக்கங்களில் இரவோடிரவாக 'ஆண்ட பரம்பரை' முளைப்பதும், ஒருவர் நீக்குவதும், இன்னொருவர் சேர்ப்பதும் விக்கிப்பீடியாவில் எல்லோரும் அறிந்த கூத்து. ஆங்கில விக்கிப்பீடியாவில் இந்தத் தொல்லை தாங்காமல்தான் 2012 முதல் தெற்காசியச் சமூகக் குழுக்கள் பற்றிய பக்கங்களுக்குத் தனிக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள்.

ஆனால் மீதிப் பாதியையும் பாருங்கள். சாதிச் சங்கங்கள் வாய்மொழியை நம்பியா இருக்கின்றன? அவர்களிடம் அச்சகம் இருக்கிறது. குலவரலாறு என்று கெட்டி அட்டை போட்டு நூல் இருக்கிறது. மாநாட்டு மலர் இருக்கிறது. எதுவும் இல்லாவிட்டால் 1909இல் எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாக எழுதிய 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' இருக்கிறது. மூக்கை அளந்து மனிதனை வகைப்படுத்திய மானுடவியலின் காலத்துப் புத்தகம் அது. அச்சு வேண்டும் என்ற விதி சாதிப் பெருமையைத் தடுப்பதில்லை. அச்சிட வசதியில்லாதவனை மட்டுமே தடுக்கிறது. காலனியக் கால இனவரைவியல் நூல்கள் நம்பத்தக்க மூலமல்ல என்ற முடிவுக்கு ஆங்கில விக்கியர்கள் வந்திருக்கிறார்கள். தமிழிலும் அதைக் கறாராகக் கடைப்பிடிக்கட்டும். சாதியின் பிறப்பு, வம்சம், வர்ணம் பற்றிய எந்தக் கோரலுக்கும் வாய்மொழி செல்லாது, சங்க வெளியீடு செல்லாது, தர்ஸ்டனும் செல்லாது என்று விதி போடுங்கள். நாமே முதல் கையெழுத்துப் போடுகிறோம்.

நாம் கேட்பது வேறு. தன் கையால் செய்த தொழிலைப் பற்றி, தான் நடத்திய வேலைநிறுத்தத்தைப் பற்றி, தன் தெருவைப் பற்றி ஒருவர் சொல்வது. அதைப் பெயரோடும் தேதியோடும் ஒப்புதலோடும் ஒலிப்பதிவு செய்து, யாரும் கேட்டுச் சரிபார்க்கும்படி பொதுவில் வைத்து, கட்டுரையில் 'இன்னார் இப்படிக் கூறுகிறார்' என்று எழுதுவது. வம்சக் கதையை எவராலும் சரிபார்க்க முடியாது. ஆவாரம் பட்டை எத்தனை நாள் ஊற வேண்டும் என்பதை நான்கு தொழிலாளர்களைக் கேட்டால் சரிபார்த்துவிடலாம்.

இது நடக்காத காரியமும் இல்லை. 2011இல் அசல் பிரபாலா விக்கிமீடியா அறக்கட்டளையின் உதவியோடு கேரளத்திலும், வட இந்தியாவிலும், தென்னாப்பிரிக்காவிலும் இதைச் செய்து காட்டினார். மலையாளம், இந்தி, செபெடி ஆகிய மொழிகளில், புத்தகத்தில் ஏறாத ஊர் விளையாட்டுகளையும் வழிபாடுகளையும் ஊராரிடமே கேட்டுப் பதிவு செய்து, அந்த ஒலிப்பதிவுகளைச் சான்றாக இணைத்துக் கட்டுரை எழுதினார்கள். 'மக்களே அறிவு' என்று அந்த முயற்சியைப் பற்றிய படத்துக்குப் பெயர். எதிர்ப்பு வந்தது. ஆனால் வழி இருக்கிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது. நம் பக்கத்திலேயே ஈழத்து நூலகம் நிறுவனம் இருக்கிறது. 2005இல் தொடங்கி, புத்தகம் மட்டுமல்லாமல் துண்டறிக்கையும் நினைவு மலரும் சிற்றிதழும் ஆவணம்தான் என்று மின்னாக்கி வைத்தார்கள், வாய்மொழி வரலாறுகளையும் பதிவு செய்தார்கள். நூலகத்தைப் பறிகொடுத்தவர்களுக்கு ஒரு துண்டறிக்கையின் மதிப்பு தெரிந்திருக்கிறது.

இப்போது ஏன் இந்தச் சண்டை?

'சோறு, நிலம், கல்வி, ஆணவக் கொலை என்று ஆயிரம் பிரச்சினை இருக்க, விக்கிப்பீடியா ஒரு பிரச்சினையா?' என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். பிரச்சினைதான். பள்ளிப் பிள்ளை ஒப்படைப்பு எழுத முதலில் திறப்பது அதைத்தான். செய்தியாளர் அவசரத்துக்குப் பார்ப்பது அதைத்தான். இப்போது கேள்வி கேட்டால் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு இயந்திரங்கள் தமிழ் கற்பதும் பெருமளவு அங்கிருந்துதான். தமிழில் இணைய எழுத்து குறைவு என்பதால் அதன் ஒவ்வொரு பக்கத்துக்கும் கனம் அதிகம். இன்று அங்கே இல்லாதவர் நாளை அந்த இயந்திரத்தின் பதிலிலும் இருக்க மாட்டார். இன்று அங்கே 'ஆண்ட பரம்பரை' என்று இருப்பது நாளை பொது உண்மையாக ஒலிக்கும். மனுவை எழுதக் கை வேண்டியிருந்தது. இனி அதுவும் வேண்டியதில்லை.

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம்.

ஒன்று, தொழில், உழைப்பு, போராட்டம், வட்டார வழக்கு ஆகிய பொருள்களில் பதிவு செய்யப்பட்ட வாய்மொழியை மூலமாக ஏற்கும் விதியைத் தமிழ் விக்கிச் சமூகம் ஆலமரத்தடியில் விவாதித்து வகுக்க வேண்டும்.

இரண்டு, தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமை நூல்களை விக்கிமூலத்துக்கு வழங்கி நல்ல முன்மாதிரி காட்டியது. அதேபோல எஞ்சியிருக்கும் தலித் இதழ்களையும் தொழிற்சங்கத் துண்டறிக்கைகளையும் தேடி மின்னாக்கிப் பொதுவில் வைக்க வேண்டும். அரசு இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

மூன்று, யார் எழுதுகிறார்கள் என்று எண்ண வேண்டும. 2011இல் எண்ணிப் பார்த்தபோதுதான் விக்கிப்பீடியாவில் தொகுப்பவர்களில் பத்துக்கு ஒருவர்கூடப் பெண் இல்லை என்று தெரிந்தது. அமெரிக்காவில் இனத்தைக் கேட்டபோதுதான் அங்குள்ள தொகுப்பாளர்களில் கறுப்பின மக்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்ற உண்மை 2021 அறிக்கையில் வெளிவந்தது. அதன்பிறகுதான் அவர்களுக்கு வெட்கம் வந்தது. இந்தியாவில் பெயர் குறிப்பிடாத கணக்கெடுப்பில் சாதியைக் கேளுங்கள். எண்ணாதவரை எல்லாம் சமம் என்றே தோன்றும்.

நான்கு, பயிற்சிப் பட்டறைகள் பொறியியல் கல்லூரிக் கணினிக் கூடத்தோடு நின்றுவிடக் கூடாது. ஆதிதிராவிடர் நல விடுதிக்கு வரட்டும். பேகம்பூருக்கு வரட்டும். நாகல்நகருக்கு வரட்டும்.

நம் தோழர்களுக்கும் ஒரு சொல். முகநூலில் ஒரு பதிவு போட்டால் இருநூறு விருப்பக்குறி விழுகிறது, மூன்று நாளில் அது அடியில் போய்விடுகிறது. அதே உழைப்பைச் சான்றோடு ஒரு கட்டுரையில் போட்டால் பத்தாண்டு நிற்கும். 2015இல் தலித் பெண்கள் முன்னின்று தொடங்கிய தலித் வரலாற்று மாதம் ஏப்ரல்தோறும் நடக்கிறது. நம் வரலாற்றை நாமே எழுத வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. அடுத்த ஏப்ரலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தோல் ஷாப்பில் வேலை செய்து ஓய்ந்த பெரியவர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறார்கள். கையில் உள்ள போனில் ஒலிப்பதிவு செய்யும் வசதி இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வீட்டுக்குப் போங்கள். பெயரைக் கேளுங்கள், எந்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்தார் என்று கேளுங்கள், குழியில் முதல் நாள் என்ன வேலை கொடுத்தார்கள் என்று கேளுங்கள். சான்று கேட்கிறார்கள் அல்லவா, சான்றோடு போவோம்.